பிடித்து, இழுத்து, விட்டு: செல் ஊரும் விதம்

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அட்டைக்குக் குறைவிருக்காது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கணுக்காலில் உப்போ புகையிலைத் தூளோ தேய்த்துக்கொண்டு இறங்கினாலும், மாலையில் எடை போடும் இடத்தில் யாராவது ஒருவர் காலில் இரத்தம் கோடாக வழிந்திருப்பதைக் காணலாம். அட்டை வயிறு நிறையக் குடித்து எப்போதோ விழுந்திருக்கும். அது விழுந்த பிறகும் இரத்தம் மணிக்கணக்கில் கசியும். ஒருவழியாக நின்ற பின் கறுத்த பொருக்கு ஒன்று கட்டும், சில நாட்கள் அரிக்கும், பொருக்கு உதிரும்போது அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் இருக்கும்.

அந்தக் கடிவாயைத் தைத்து மூடியவர் யாரும் இல்லை. இரத்தத்திலிருந்தும் சுற்றியுள்ள தோலிலிருந்தும் செல்கள் வந்து, பரவி, ஊர்ந்து, அதை மூடியிருக்கின்றன. இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தியபோது பந்தலூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் கேட்டார்: "சார், செல்லுக்குக் கை கால் கிடையாதே, எதை ஊன்றி நகரும்?" நேர்மையான கேள்வி அது. பாடப்புத்தகம் அதற்குப் பதிலாக ஒரு பெயர்ப்பட்டியலைத் தருகிறது: ஆக்டின், மயோசின், இன்டெக்ரின், ரோ, ராக். பட்டியலை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் நகர்வு என்பது அந்தப் பட்டியலில் உள்ள எந்த ஒரு புரதத்திலும் குடியிருப்பதில்லை. எந்தப் புரதம் எதைப் பிடிக்கிறது, எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு நேரம், எப்போது விடுகிறது என்பதில்தான் அது இருக்கிறது. விடுதல் என்ற அந்தப் பாதியைக் கற்பிக்காமல் விட்டுவிடுவதால்தான் பாடம் புரியாமல் போகிறது என்பது என் எண்ணம். ஆகவே இந்தக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கடிவாய்க்கு வந்து சேர்பவை தட்டணுக்கள். இரத்தத்தில் மிதக்கும்போது இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிறு தட்டுகளாக, எதிலும் ஒட்டாமல் போய்க்கொண்டிருக்கும் இவை, கிழிந்த குழாய்ச் சுவரில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் தட்டுப்பட்டதும் குணம் மாறுகின்றன. முள் முள்ளாக நீட்டி, பிறகு அந்த முட்களுக்கு இடைப்பட்ட பகுதியையும் நிரப்பித் தோசை மாவு கல்லில் விரிவதுபோல் விரிந்துவிடுகின்றன. ஒரு தட்டணுவின் மேற்பரப்பில் சுமார் 80,000 பிரதிகள் இருக்கும் ஓர் இன்டெக்ரின்தான் இந்த விரிதலின் நடுநாயகம். இன்டெக்ரின்கள் செல் சவ்வை ஊடுருவி நிற்கும் இரட்டைப் புரதங்கள். ஆல்ஃபா வகையில் 18, பீட்டா வகையில் 8 என இருக்கும் கூறுகள் இணை சேர்ந்து மனித உடலில் 24 வகை இன்டெக்ரின்கள் ஆகின்றன. அவற்றின் தலை செல்லுக்கு வெளியே, குட்டையான வால் உள்ளே. அமைதியான நிலையில் தலை மடங்கிக் குனிந்திருக்கிறது. அந்த நிலையில் அது எதையும் இறுகப் பற்றாது. செல்லுக்குள் டேலின் என்ற புரதமும் அதன் துணையான கிண்ட்லினும் பீட்டா வாலில் வந்து ஒட்டியதும் இரண்டு வால்களும் பிரிகின்றன, வெளியே தலை நிமிர்கிறது, பிடி திறக்கிறது. உள்ளே நடக்கும் ஒரு புரதச் சேர்க்கை வெளியே இருக்கும் கையைத் திறந்துவிடுவது உயிரியலில் நான் கண்ட மிக அழகான ஏற்பாடுகளில் ஒன்று. தட்டணுக்கள் ஓயாமல் திறந்த கையோடு சுற்றினால் குழாய் தோறும் கட்டி உறைந்துவிடும். தேவைப்படும் இடத்தில் மட்டும் கை திறக்கவேண்டும் என்பதால்தான் இத்தனை மடிப்பு.

இந்த ஓர் இன்டெக்ரின் பிறவியிலேயே பழுதானால் என்ன ஆகும் என்பதை 1918-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் எட்வர்ட் கிளான்ஸ்மன் விவரித்தார். தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனால் அவை ஒன்றோடொன்று கைகோர்க்காது, மூக்கிலும் ஈறிலும் இரத்தம் வடிந்துகொண்டே இருக்கும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய் இது. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்கள் நிறைந்த நம் பக்கத்தில் மருத்துவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டியது அவசியம்.

அட்டைக்கும் இந்தக் கணக்கு தெரியும் என்றே சொல்லவேண்டும். இந்தியக் காட்டு அட்டையான ஹேமாடிப்சா சில்வெஸ்ட்ரிஸிலிருந்து பிரித்தெடுத்த ஹேமாடின் என்ற புரதம், இரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் நொதியின் வாயை அடைத்துவிடுகிறது. திராம்பின் இரத்தத்தை உறையவைப்பதோடு தட்டணுக்களை உசுப்பியும் விடுகிறது. அதை அடைத்தால் இரண்டு வேலையும் கெடுகிறது. வட அமெரிக்காவிலுள்ள ஓர் அட்டை இன்னும் நேரடியாக, டெகோர்சின் என்ற புரதத்தால் தட்டணுவின் இன்டெக்ரினையே மறிக்கிறது. மலையிறங்கிச் சமவெளிக்குப் போனால் புதரோரக் கற்களுக்கு அடியில் கிடக்கும் சுருட்டை விரியனின் நஞ்சிலும் இதே உத்தி உண்டு. அதிலுள்ள எக்கிஸ்டாட்டின் என்ற சிறு புரதத்தை முன்மாதிரியாக வைத்து வடிவமைத்த டைரோஃபைபான் என்ற மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாரடைப்பு வரும் நிலையிலுள்ளவர்களின் இதயக் குழாயில் தட்டணுக்கள் கட்டிக்கொள்ளாமல் தடுக்க அது இன்றும் பயன்படுகிறது.

எக்கிஸ்டாட்டினும் டெகோர்சினும் சுமந்து திரிவது ஒரே சாவியைத்தான். ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அதே வரிசையில் வருவதுதான் அந்தச் சாவி. இதை 1984-இல் மைக்கேல் பியர்ஷ்பாக்கரும் எர்க்கி ரூஸ்லாட்டியும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தில் கண்டுபிடித்தார்கள். செல்களுக்கு வெளியே பின்னிக்கிடக்கும் வலையின் முக்கிய இழைகளில் ஒன்றான ஃபைப்ரோனெக்டினில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உண்டு. அவ்வளவு நீளத்தில், பல இன்டெக்ரின்கள் தேடிப் பிடிப்பது இந்த மூன்றெழுத்துக் கொக்கியை. ரூஸ்லாட்டியும், ரிச்சர்ட் ஹைன்ஸும், திமோத்தி ஸ்பிரிங்கரும் இன்டெக்ரின் ஆய்வுக்காக 2022-இல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். தனியொரு இன்டெக்ரினின் பிடி வலுவானதன்று, நொடிகளில் நழுவக்கூடியது. ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் திரண்டால்தான் செல்லுக்கு ஊன்றுதல் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே பலவீனமாக இருப்பதை ஒரு குறையாக எண்ணிவிடக் கூடாது. கழற்றுவதற்கு வழி வைத்தே அந்தப் பிடி அமைக்கப்பட்டிருக்கிறது.

ஊன்றியாகிவிட்டது, இனி இழுப்பது எது? ஹங்கேரியின் செகெட் நகரில், செயின்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில், 1942-இல் ஸ்ட்ராப் என்ற ஆய்வாளர் தசையிலிருந்து பிரித்தெடுத்த ஆக்டின், தசையில் மட்டுமல்லாமல் நம் உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் இருக்கிறது. 375 அமினோ அமிலங்கள் கொண்ட உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து 7 நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகின்றன. ஊரும் செல்லின் முன்விளிம்பில் இந்த இழைகளின் நுனியில் புதிய உருண்டைகள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆர்ப் 2/3 என்ற புரதத் தொகுதி பழைய இழையின் பக்கவாட்டில் அமர்ந்து, சுமார் 70 பாகைக் கோணத்தில் புதுக்கிளையைத் தொடங்கிவைக்கிறது. கவாத்து வெட்டிய தேயிலைச் செடி பக்கக் கிளைவிட்டு மேசைபோல் அடர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த வலை எப்படி அடர்கிறது என்பதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. வளரும் வலை சவ்வை முன்னே தள்ளுகிறது. தள்ளிய வேகத்தின் எதிர்விசையும், ஆக்டின் இழைகளைப் பற்றிச் சுருக்கும் மயோசின் என்ற புரதம் பின்னாலிருந்து இழுக்கும் இழுப்பும் சேர்ந்து வலையையே செல்லின் நடுப்பகுதியை நோக்கிப் பின்னுக்கு நகர்த்துகின்றன. முன்னால் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவும் பின்னால் வழுக்கிப் போனால் செல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இந்த இடத்தில் நம் மலை ரயிலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் வண்டி கல்லாறு வரை மற்ற ரயில்களைப் போலத் தண்டவாளத்தில் சக்கரம் உருட்டிப் போகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் 12 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏற்றம் தொடங்குகிறது. அங்கே வெறும் இரும்புச் சக்கரம் எவ்வளவு சுழன்றாலும் வழுக்கத்தான் செய்யும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கு நடுவில் பல்வெட்டிய சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதில் பொருந்திய பிறகே நீராவியின் வேகம் ஏற்றமாக மாறுகிறது. ஆக்டின் வலை சுழலும் சக்கரம் என்றால், தரையிலுள்ள ஃபைப்ரோனெக்டினைப் பற்றிய இன்டெக்ரின் பதித்த சட்டம். இரண்டையும் பொருத்தும் பல் எது என்பதே கேள்வி. 1988-இல் டிம் மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் இப்படி ஒரு 'மூலக்கூறுக் கிளட்ச்' இருக்கவேண்டும் என்று எழுதினார்கள்: பொருந்தினால் வலையின் பின்னோட்டம் குறைந்து செல் முன்னேறும், விலகினால் வலை வழுக்கும்.

அந்தக் கிளட்சின் முதன்மையான பாகம் மீண்டும் டேலின். முன்பு இன்டெக்ரினின் வாலைத் தொட்டுப் பிடியைத் திறந்துவிட்ட அதே புரதம்தான். அதன் தலை இன்டெக்ரினில் ஒட்டியிருக்க, நீண்ட உடல் ஆக்டினைப் பற்றிக்கொள்கிறது. அந்த உடல் 13 சிறு கட்டுகளாக, ஒவ்வொன்றிலும் நான்கைந்து சுருள்கள் நெருங்கி அடுக்கப்பட்டதாக இருக்கிறது. ஆக்டின் பின்னுக்கு இழுக்கும்போது, சுமார் 5 பைக்கோநியூட்டன் விசையிலேயே இவற்றில் மிக இளகலான கட்டு அவிழ்கிறது. ஒரு பைக்கோநியூட்டன் என்பது ஒரு நியூட்டனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. கட்டு அவிழ்ந்ததும் அதுவரை உள்ளே மறைந்திருந்த சுருள் ஒன்று வெளியே தெரிகிறது. வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது, மறுகையால் ஆக்டினையும் பற்றுகிறது. இழுத்ததன் விளைவாகப் பிடி இரண்டாகிறது. இன்னும் இழுத்தால் அடுத்த கட்டு அவிழ்ந்து இன்னொரு வின்குலின் வரும். தனியொரு டேலின் துண்டை இருமுனையும் பிடித்து இழுத்து, இழுக்க இழுக்க வின்குலின் வந்து சேர்வதை 2009-இல் சோதனையாகவே காட்டினார்கள். மறுஆண்டு வெளியான நுண்ணோக்கி ஆய்வு ஒன்று, இன்டெக்ரினுக்கும் ஆக்டினுக்கும் இடையே சுமார் 40 நானோமீட்டர் இடைவெளி இருப்பதையும், டேலின் அந்த இடைவெளியைக் குறுக்கே நின்று இணைப்பதையும் அளந்து சொன்னது.

செல் தன் காலடித் தரை கல்லா சேறா என்பதை அறிவதும் இந்த அவிழ்தலால்தான். கடினமான பரப்பில் இன்டெக்ரின் அசையாமல் நிற்பதால் விசை விரைவாக ஏறி டேலின் அவிழ்கிறது, பிடி வலுக்கிறது, செல் அகலமாகப் பரவுகிறது. இளகிய பரப்பில் தரையே கூடவே இழுபட்டுவிடுவதால், விசை சேருவதற்குள் இன்டெக்ரின் நழுவிவிடுகிறது. செல் உருண்டையாகவே நின்றுவிடுகிறது. மருந்தோ வேதிச் செய்தியோ எதுவும் இல்லாமல், வெறும் இழுவையை ஒரு புரதத்தின் மடிப்பு படித்துச் சொல்லிவிடுகிறது.

ரயில் உவமை ஓரிடத்தில் உதவாமல் போகிறது. 1899-இல் குன்னூர் வரை போட்ட பாதையின் சட்டம் வண்டி போன பின்னும் அங்கேயே கிடக்கும். செல் தன் சட்டத்தைப் போகும் வழியில் தானே பதித்து, கடந்து போனதும் பெயர்த்தெடுத்துக்கொள்கிறது. எங்கே பதிப்பது, எங்கே பெயர்ப்பது என்பதை முடிவு செய்யும் கூட்டம் ஒன்று செல்லுக்குள் இருக்கவேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ரோ குடும்பம் முதன்மையானது. மனித உடலில் ஏறத்தாழ இருபது உறுப்பினர். மூன்று பாஸ்பேட் உள்ள குவானோசின் மூலக்கூறைப் பற்றியிருக்கும்போது இவை விழித்திருக்கும். ஒரு பாஸ்பேட் வெட்டுப்பட்டு இரண்டாகிவிட்டால் உறங்கிவிடும். 1992-இல் லண்டனில் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் பட்டினி போட்ட எலிச் செல்களுக்குள் விழிப்பு நிலையிலுள்ள ரோவை ஊசியால் செலுத்தினார்கள்; நிமிடங்களில் தடித்த ஆக்டின் கயிறுகள் குறுக்கே முறுக்கேறி, அவற்றின் முனைகளில் ஒட்டுப்புள்ளிகள் தோன்றின. அதே குடும்பத்து ராக் புரதத்தைச் செலுத்தியபோது விளிம்பெங்கும் புடவைத் தலைப்பு காற்றில் அலைவதுபோல் மெல்லிய மடல்கள் எழுந்தன. 1995-இல் கேத்தரின் நோப்ஸும் ஹாலும் சி.டி.சி. 42 என்ற மூன்றாவது உறுப்பினர் விரல்போன்ற நீட்டல்களை எழுப்புவதைக் காட்டினார்கள். முன்னால் ராக் விழித்து மடலை நீட்ட, பின்னால் ரோ விழித்து மயோசினைச் சுருக்கி வாலை இழுக்க, செல் ஒரு திசையில் போகிறது. பாடநூல்களில் இதை இவ்வளவு எளிதாகவே வரைகிறார்கள். உண்மையில் முன்விளிம்பிலும் ரோ நொடிக்கணக்கில் மினுக்கி மறைகிறது. வரைபடத்தை வரைபடம் என்ற அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றை எழுப்புவதற்குத் தனிப் புரதங்கள் சுமார் 80, உறங்க வைப்பதற்கும் அதே அளவுக்கு நெருக்கமாக. இத்தனை எதற்கு? எழுப்பும் புரதம் எங்கே கட்டுண்டிருக்கிறதோ அங்கே மட்டும் ராக் விழிக்கவேண்டும் என்பதற்காக. இன்டெக்ரின் திரளும் இடத்தில் எஃப்.ஏ.கே. என்ற நொதி தன் உடலிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்றில் பாஸ்பேட்டைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த அடையாளத்தைப் பார்த்து சார்க் என்ற நொதி வந்து ஒட்டுகிறது. இருவரும் பாக்சிலின் போன்ற இணைப்புப் புரதங்களில் மேலும் அடையாளம் இட, அவற்றின் வழியாக ராக்கை எழுப்புபவை அங்கேயே வந்து அமர்கின்றன. புதிய தரையில் இப்போதுதான் அமர்ந்த செல்லில் முதல் சில நிமிடங்களுக்கு ரோவை உறங்க வைக்கும் புரதமும் இதே வழியில் ஏவப்படுகிறது. அந்த நேரத்தில் சுருங்கும் விசை தணிவதால்தான் செல்லால் விரியவே முடிகிறது. விரிந்து முடித்த பிறகே ரோ மெல்ல எழுந்து பிடிகளை முறுக்கேற்றுகிறது. ஒட்டுப்புள்ளி ஒன்றில் கூடும் புரத வகைகளை எண்ணியவர்கள் 150-க்கு மேல் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அத்தனையையும் இங்கே சொல்வதில் பயனில்லை.

விரிதலை நான் முதலில் கண்ணால் பார்த்தது ஓர் ஆய்வகக் குடுவையில். குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டர் நிறுவனத்தை மலைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்து, தொப்புளைச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்த பழைய வெறிநாய்க்கடி ஊசி போய், செல்களில் வளர்த்த தடுப்பூசி அங்கே தயாரானது. அதற்குப் பயன்பட்ட வீரோ செல்கள், 1962-இல் ஜப்பானின் சீபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த மரபுத்தொடர். இவை தரை இல்லாமல் வளராது. புதிதாக ஊற்றிய செல்களைத் தலைகீழ் நுண்ணோக்கியில் பார்த்தால் முதலில் ஒளிரும் மணிகளாகக் கிடக்கும். சிறிது நேரத்தில் விளிம்பு மங்கி, ஓரம் விரியும். மறுநாள் காலையில் குடுவையின் அடி முழுதும் கூழாங்கல் பதித்த முற்றம்போல் ஆகியிருக்கும். அவற்றை வேறு குடுவைக்கு மாற்றும்போது எதிர்த்திசை நாடகத்தைப் பார்க்கலாம். கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத உப்புக் கரைசலால் கழுவி, டிரிப்சினை ஊற்றவேண்டும். மலைக்குளிரில் கரைசலை உடல் சூட்டுக்குக் கொண்டுவரவே நேரமாகும். கால்சியமும் மெக்னீசியமும் போனதால் பிடிகள் தளர்கின்றன, டிரிப்சின் புரதங்களை வெட்டுகிறது. இரண்டு மூன்று நிமிடங்களில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரத்தைச் சுருக்கி, மீண்டும் ஒளிரும் மணிகளாகி, குடுவையைத் தட்டினால் மிதக்கின்றன. பரவிய வடிவம் செல்லின் இயல்பான வடிவம் என்று அதுவரை நினைத்திருந்தேன். பிடித்து இழுத்து நிறுத்திவைத்த வடிவம் அது. பிடி போனதும் ஆக்டினும் மயோசினும் தம் சுருக்கத்தால் செல்லை உருட்டிவிடுகின்றன. திசுவிலிருந்து கழன்ற பல செல்கள் இப்படி மிதக்கும் நிலையிலேயே தம்மை மாய்த்துக்கொள்ளும். 1994-இல் அந்தச் சாவுக்கு வீடற்ற நிலை என்ற பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார்கள்.

இனி விடுதல். பிடி இறுக இறுக வேகம் கூடும் என்று எண்ணத் தோன்றும். 1997-இல் வெளியான ஒரு சோதனையில் இன்டெக்ரினின் அளவையும் தரையில் பூசிய ஃபைப்ரோனெக்டினின் அளவையும் மாற்றி மாற்றி அளந்தபோது, நடுத்தரமான பிடியில்தான் செல் மிக வேகமாக ஊர்ந்தது. பிடி குறைவாக இருந்தால் முன்புறம் வழுக்குகிறது. மிகுந்தால் பின்புறம் கழல்வதில்லை. மழைக்காலத்தில் தேயிலைச் சரிவில் ஏறுபவர்களுக்கு இரண்டும் தெரியும்: வழவழத்த மண்ணிலும் ஏற முடியாது, முழங்கால் புதையும் சேற்றிலும் ஏற முடியாது. எஃப்.ஏ.கே. இல்லாத எலிக் கருவின் செல்களை 1995-இல் ஆராய்ந்தவர்கள் ஒட்டுப்புள்ளிகள் குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவை கூடியிருந்தன, செல்களோ மெதுவாக நகர்ந்தன. ஒட்டும் இடத்தில் இருப்பதால் ஒட்டவைக்கும் புரதம் என்று கருதப்பட்ட ஒன்று, கழற்றுவதிலும் அவ்வளவு பங்கு கொண்டிருந்தது. கழற்றும் வேலையில் இன்னும் பலர் உண்டு: கால்பைன் என்ற நொதி டேலினையே நறுக்குகிறது, செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள் என்ற புரதக் குழல்கள் ஒட்டுப்புள்ளியை நோக்கி வளர்ந்து வந்து தொட்டதும் அது கலைகிறது, விடுபட்ட இன்டெக்ரின்கள் சிறு பைகளில் உள்வாங்கப்பட்டு மீண்டும் வேலைக்கு அனுப்பப்படுகின்றன.

இந்தக் கணக்கு தவறும்போது வரும் துன்பங்களில் இரண்டைச் சொல்கிறேன். சில குழந்தைகளுக்கு வெள்ளணுக்களின் பீட்டா-2 இன்டெக்ரின் பிறவியிலேயே இருக்காது. தொப்புள்கொடி உரிய நாளில் விழாமல் வாரக்கணக்கில் ஒட்டியிருக்கும். தொற்று வந்தால் இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளமாக ஏறும், ஆனால் புண்ணில் சீழே இருக்காது. சீழ் என்பது குழாய்ச் சுவரைப் பற்றி, ஊடுருவி, புண் வரை ஊர்ந்து வந்த வெள்ளணுக்களின் குவியல். பற்ற முடியாதவை குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிறந்த குழந்தைக்குக் கொடி விழ மிகவும் தாமதமானால் "தானாக விழும்" என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மற்றொன்று நம் மலைக்கு மிக நெருக்கமானது. 1952-இல் லேமனும் கட்புஷ்ஷும் இந்தியாவில் அரிவாள் செல் மரபுக்கூற்றை முதன்முதலில் அறிவித்தது நீலகிரிப் பழங்குடியினரிடையே நடத்திய ஆய்விலிருந்துதான். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் இன்றும் இந்த நோயின் வலியோடு வாழ்பவர்கள் உண்டு. வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன என்று மட்டுமே சொல்லப்படுவதுண்டு. அவை அடைப்பதற்கு முன் ஒட்டவும் செய்கின்றன. அழற்சியுற்ற குழாய்ச் சுவரின் பி-செலெக்டினும் வேறு சில பற்றுப் புரதங்களும் சிவப்பணுக்களையும் வெள்ளணுக்களையும் பிடித்து நிறுத்திவிடுகின்றன. ஒட்டக்கூடாத செல் ஒட்டுவதால் வரும் வலி அது. பி-செலெக்டினை மறிக்கும் மருந்தான கிரிசான்லிசுமாப் 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த பெரிய ஆய்வில் பலன் உறுதிப்படாததால் 2023-இல் ஐரோப்பா அனுமதியைத் திரும்பப் பெற்றது. புற்றுநோயிலும் இதே கதை நடந்திருக்கிறது: மூன்றெழுத்துக் கொக்கியை வளையமாக்கிச் செய்த சிலெங்கிடைட், மூளைப் புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்டவில்லை என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு பிடியை மட்டும் அடைத்தால் செல் வேறு இன்டெக்ரினுக்கு மாறிக்கொள்ளக்கூடும். மறித்தது போதாமல் போகலாம், மறிக்கக்கூடாததை மறித்தும் விடலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்புறைச் சிதைவு நோய்க்காக வெள்ளணுக்களின் ஆல்ஃபா-4 இன்டெக்ரினை மறிக்கும் நாட்டலிசுமாப் 2004-இல் வந்தது. காவலுக்கு வரவேண்டிய வெள்ளணுக்கள் வராததால் சிலருக்கு மூளையில் கொடிய வைரஸ் தொற்று ஏற்பட, மறுஆண்டே நிறுத்தப்பட்டு, 2006-இல் கடும் கண்காணிப்போடு திரும்பியது. அரிவாள் செல் நோயாளிகளுக்கு இப்போதைக்கு நம்பகமான துணை ஹைட்ராக்சியூரியா மாத்திரைதான். அது கருநிலை ஹீமோகுளோபினைக் கூட்டுவதோடு இந்த ஒட்டுதலையும் குறைக்கிறது.

கடிவாய்க்குத் திரும்புவோம். தட்டணுக்கள் விரிந்து அடைத்த சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் நிமிடத்துக்குப் பத்து மைக்ரோமீட்டர் அளவிலான வேகத்தில் வந்து சேர்கின்றன. நாட்கள் கழித்து நார்ச்செல்கள் அதைவிட மிக மெதுவாக உள்ளே வருகின்றன. தோலின் மேல்செல்கள் முதல் நாளிலேயே புறப்பட்டுவிடும். அதற்கு முன் அவை, தம்மை அடித்தளத்தோடு பிணைத்திருந்த இன்டெக்ரின் கட்டுகளைக் கலைத்து, ஃபைப்ரோனெக்டினைப் பற்றும் வேறு இன்டெக்ரின்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பொருக்குக்கும் உயிருள்ள திசுவுக்கும் இடையே ஈரமான வழி தேடி, எதிர்ப்படும் கொலாஜனை நொதியால் வெட்டிக்கொண்டு அவை ஊர்கின்றன. புண் காய்ந்துபோனால் அந்த வழி ஆழத்தில் அமைந்து தாமதமாகும். பன்றிகளின் தோலில் ஈரமாக மூடிவைத்த புண்ணில் மேல்தோல் விரைந்து படர்வதை ஜார்ஜ் வின்டர் 1962-இல் காட்டினார். ஆகவே தோட்டத்து அக்காமார் வழக்கமாகச் செய்வதுபோல் காப்பித்தூளை அப்பிக் காயவிடுவதைவிட, சுத்தமான தண்ணீரில் கழுவித் துணியால் மூடிவைப்பது நல்லது.

இரு விளிம்பிலிருந்தும் புறப்பட்ட செல்கள் ஒருநாள் நடுவில் எதிரெதிரே வருகின்றன. ஊரும் செல் இன்னொன்றைத் தொட்டதும் தன் முன்மடலை முடக்கிக்கொள்வதை 1950-களில் மைக்கேல் ஆபர்குரோம்பியும் ஜோன் ஹீஸ்மனும் கோழிக் குஞ்சின் இதயச் செல்களில் கண்டிருந்தார்கள். தோல் செல்கள் தொட்டதும் விலகிப் போவதில்லை. தொட்ட இடத்தில் ஈ-கேடரின் என்ற புரதம் ஒரு செல்லிலிருந்தும் மறுசெல்லிலிருந்தும் நீண்டு ஒன்றையொன்று பற்றுகிறது, இணைப்பு முற்றியதும் ராக் அடங்குகிறது, தரையைப் பற்றிய புதுப்பிடிகள் கழல்கின்றன, பழைய கட்டுகள் மீண்டும் அடித்தளத்தில் பதிகின்றன. அதற்கு மேல் அந்தச் செல்களுக்குப் போக இடமில்லை. மேலே காய்ந்து கிடந்த பொருக்கு, கால் கழுவும்போதோ சொறியும்போதோ, தானாக உதிர்ந்துவிடுகிறது.